தேக்காவிலிருந்து எந்த வழி? படிமுறையும் பாய்வுப்படமும்: தொடங்குவோருக்கு ஓர் அறிமுகம்

லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தில் நிற்கும் ஒருவர் பாய லேபார் செல்ல வேண்டும். பாய லேபார் வட்ட ரயில் பாதையில் இருக்கிறது. வடகிழக்கு ரயில் பாதையில் ஒரு நிறுத்தம் சென்றால் தோபி காட். எதிர்ப்பக்கம் ஐந்து நிறுத்தம் சென்றால் சிராங்கூன். இரண்டு இடங்களிலும் வட்டப் பாதைக்கு மாறலாம். எந்தப் பக்கம் ஏறுவது?

வாரந்தோறும் தேக்காவுக்கு வந்து போகிறவர் சட்டென்று ஒரு பதில் சொல்லிவிடுவார். அந்தப் பதிலுக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்டால்தான் தடுமாறுவார். மனத்துக்குள் நடந்த அந்த யோசனையை, ஊருக்குப் புதியவரும் அப்படியே பின்பற்றும்படி வரிசையாக எழுதி வைத்தால் அதுவே படிமுறை. அல்காரிதம் என்று கணினித் துறையினர் சொல்வது இதைத்தான். அதையே கட்டங்களும் அம்புகளுமாக வரைந்தால் அது பாய்வுப்படம்.

சிங்கப்பூரில் இந்தச் சொற்கள் இப்போது வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டன. 2014ல் தொடங்கிய ‘கோட் ஃபார் ஃபன்’ திட்டத்தைக் கல்வி அமைச்சும் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையமும் 2020 முதல் உயர் தொடக்கநிலை மாணவர்கள் அனைவருக்கும் விரிவுபடுத்தின. ஏறத்தாழ 10 மணி நேரம் பிள்ளைகள் நிரலிடுதலின் அடிப்படைகளைக் கற்கிறார்கள். வீட்டுக்கு வந்து அவர்கள் சந்தேகம் கேட்கும்போது, “எனக்குக் கணினி தெரியாதே” என்று பல பெற்றோர் ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஒதுங்கத் தேவையில்லை. படிமுறை எழுதக் கணினி வேண்டாம். சரியான கேள்வியைச் சரியான இடத்தில் கேட்கத் தெரிந்தால் போதும்.

நான்கு வடிவங்கள், ஓர் அம்பு

பாய்வுப்படத்தில் அடிக்கடி வருபவை நான்கு வடிவங்கள். நீள்வட்டம் என்றால் தொடக்கம் அல்லது முடிவு. இணைகரம் என்றால் ஒரு தகவலை உள்ளே வாங்குவது அல்லது விடையை வெளியே சொல்வது. செவ்வகம் என்றால் ஒரு வேலையைச் செய்வது. சாய்சதுரம் என்றால் ஒரு கேள்வி. அதிலிருந்து ‘ஆம்’ என்று ஒரு வழியும் ‘இல்லை’ என்று ஒரு வழியும் பிரியும். எதற்குப் பின் எது என்பதை அம்பு காட்டும்.

பாய லேபார் பயணத்தை இப்படி எழுதிப் பார்க்கலாம். வட்டப் பாதையில் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் எண் உண்டு. தோபி காட் சிசி1, பாய லேபார் சிசி9, சிராங்கூன் சிசி13. கணக்கு எளிதாக இருக்க, சிசி1 முதல் சிசி19 வரையிலான நிலையங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

1. தொடங்கு.
2. போக வேண்டிய நிலையத்தின் எண்ணைக் கேள்.
3. அந்த எண் 9க்குக் குறைவா?
4. ஆம் என்றால்: தோபி காட் பக்கம் ஏறி, அங்கே மாறு.
5. இல்லை என்றால்: சிராங்கூன் பக்கம் ஏறி, அங்கே மாறு.
6. முடி.

இதில் முதலும் கடைசியும் நீள்வட்டம். 2வது இணைகரம். 3வது சாய்சதுரம். 4வதும் 5வதும் செவ்வகம்.

9 என்ற எண் எங்கிருந்து வந்தது? தோபி காட் வழியாகப் போனால் முதலில் ஒரு நிறுத்தம், பிறகு வட்டப் பாதையில் மீதி. எஸ்பிளனேட் சிசி3, ஆகவே 1 கூட்டல் 2, மொத்தம் 3 நிறுத்தம். அதாவது நிலையத்தின் எண் எதுவோ அதுவே நிறுத்தங்களின் எண்ணிக்கை. சிராங்கூன் வழி என்றால் முதலில் 5, பிறகு 13லிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். பார்ட்லி சிசி12, ஆகவே 5 கூட்டல் 1, மொத்தம் 6. பாய லேபார் மட்டும் இரண்டு வழிகளிலும் 9 நிறுத்தமாக வருகிறது. அதுதான் எல்லை. அதற்குக் கீழே உள்ளவற்றுக்குத் தோபி காட், மேலே உள்ளவற்றுக்குச் சிராங்கூன்.

கணக்குச் சரி, விடை தவறு

பாய லேபாருக்கு எந்தப் பக்கம் ஏறினாலும் 9 நிறுத்தம் என்று இந்தப் படிமுறை சொல்கிறது. கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. ஆனாலும் வழக்கமாகப் போய் வருகிறவர் இதைக் கேட்டால் சிரித்துவிடுவார்.

லிட்டில் இந்தியாவில் டௌன்டவுன் ரயில் பாதையும் இருக்கிறது. அதில் ஏறி ரோச்சோர் தாண்டி பூகிஸ் வரை 2 நிறுத்தம். அங்கே கிழக்கு மேற்குப் பாதைக்கு மாறினால் லவெண்டர், காலாங், அல்ஜுனிட், பாய லேபார் என்று 4 நிறுத்தம். மொத்தம் 6தான். நம் சாய்சதுரம் இரண்டு வழிகளை மட்டுமே ஒப்பிட்டது. மூன்றாவது வழி ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

பொட்டானிக் கார்டன்ஸ் நிலையத்துக்கு இன்னும் மோசம். அதன் எண் சிசி19. படிமுறை நம்மைச் சிராங்கூன் பக்கம் அனுப்பி, 5 கூட்டல் 6 என்று 11 நிறுத்தம் காட்டும். உண்மையில் அந்த வழியில் 10 நிறுத்தம்தான். சிசி18 என்ற எண் புக்கிட் பிரவுன் நிலையத்துக்கு ஒதுக்கப்பட்டது. அந்த நிலையம் இன்னும் திறக்கப்படவில்லை. எண்ணில் இருக்கிறது, பயணத்தில் இல்லை. அதை விடவும், டௌன்டவுன் பாதையில் நியூட்டன், ஸ்டீவன்ஸ் தாண்டினால் மூன்றாவது நிறுத்தமே பொட்டானிக் கார்டன்ஸ்!

தொடங்குவோர் கற்க வேண்டிய முதல் பாடம் இதில் இருக்கிறது. படிமுறை தவறாகப் போவது பெரும்பாலும் கணக்கில் அல்ல. கேட்காமல் விட்ட கேள்வியிலும், சரிபார்க்காமல் எடுத்துக்கொண்ட தகவலிலும்தான் தவறு நுழைகிறது. ‘குறைந்த நிறுத்தம்’ என்பதும் ‘குறைந்த நேரம்’ என்பதும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். ரயில் மாற நடக்கும் தூரத்தை நம் படிமுறை கணக்கில் எடுக்கவே இல்லை.

மழை பெய்தால் வெட்டு இல்லை

இந்தச் சிந்தனை முறை நம்மவர்களுக்குப் புதிதல்ல. மலாயாவின் கித்தாத் தோட்டங்களில் வேலை செய்த தாத்தா பாட்டிகளின் காலைப் பொழுதை நினைத்துப் பார்க்கலாம். விடியுமுன் பெரட்டு. அதற்குப் பிறகு முதல் கேள்வி: இரவு மழை பெய்து மரம் நனைந்திருக்கிறதா? ஆம் என்றால் வெட்டு இல்லை. ஈரப் பட்டையில் வெட்டினால் பால் கோட்டில் ஓடாமல் மரத்தில் வழிந்து வீணாகும். இல்லை என்றால் நிரைக்குப் போக வேண்டும்.

நிரையில் அடுத்த கேள்வி: இன்னும் வெட்டாத மரம் இருக்கிறதா? இருந்தால் கோடு போட்டு, மங்கைச் சரிபார்த்து, அடுத்த மரத்துக்கு நகர்ந்து, அதே கேள்விக்குத் திரும்ப வேண்டும். மரம் முடிந்ததும்தான் பால் எடுக்கப் போகலாம். ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்ப வந்து, ‘இல்லை’ என்ற பதில் கிடைத்ததும் வெளியேறும் இந்த அமைப்பைக் கணினித் துறையில் சுழற்சி என்பார்கள். பாய்வுப்படத்தில் அம்பு மேலே வளைந்து பழைய சாய்சதுரத்துக்கே திரும்பும். வெளியேறும் வழியை வைக்க மறந்தால் கணினி முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும்.

அல்காரிதம் என்ற சொல்லுக்கும் கணினியைவிட வயது மிக அதிகம். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி என்ற அறிஞர், இந்திய எண் முறையில் கணக்குப் போடுவது எப்படி என்று ஒரு நூல் எழுதினார். அது லத்தீன் மொழிக்குப் போனபோது அவருடைய பெயரே திரிந்து அந்தக் கணக்கு முறைக்குப் பெயரானது. பாய்வுப்படமும் கணினியோடு பிறந்ததல்ல. பிராங்க் கில்பிரத், லில்லியன் கில்பிரத் தம்பதியர் 1921ல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில், வேலை நடக்கும் முறையைப் படமாக வரையும் வழியை அறிமுகப்படுத்தினார்கள். தொழிற்கூடத்தில் வீண் வேலையைக் கண்டுபிடிப்பதே அதன் நோக்கம். கணினிக்கு அது வந்தது 1940களில்தான்.

2016: வட்டப் பாதையின் புதிர்

ஒரு படிமுறை உண்மையான சிக்கலை எப்படித் தீர்க்கும் என்பதற்குச் சிங்கப்பூரிலேயே நல்ல சான்று உண்டு. 2016 ஆகஸ்ட் பிற்பகுதியிலிருந்து வட்டப் பாதையில் ரயில்கள் திடீர் திடீரென்று நின்றன. ஓட்டுநர் இல்லாமல் இயங்கும் அந்த ரயில்கள் சமிக்ஞையை இழந்ததும் பாதுகாப்புக்காக அவசர பிரேக் தானாக விழுந்தது. வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள் பாதி வழியில் தவித்தார்கள். காரணம் மட்டும் பிடிபடவில்லை.

நவம்பர் 5ஆம் தேதி, அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பின் தரவு வல்லுநர்களான லீ ஷாங்சியான், டேனியல் சிம், கிளாரன்ஸ் இங் மூவரும் இந்தப் புதிரைக் கையில் எடுத்தனர். அவர்களுக்குக் கிடைத்தது ஒரு பட்டியல். ஒவ்வொரு சம்பவத்துக்கும் தேதி, நேரம், இடம், நின்ற ரயிலின் எண், அது சென்ற திசை. அவ்வளவுதான்.

முதலில் அவர்கள் எவரும் கேட்கக்கூடிய கேள்விகளையே கேட்டார்கள். குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் நடக்கிறதா? இல்லை, நாள் முழுதும் நடக்கிறது. குறிப்பிட்ட இடத்தில் மட்டுமா? இல்லை, பாதை நெடுகிலும். குறிப்பிட்ட ஒரு ரயிலுக்கு மட்டுமா? இல்லை, பல ரயில்களுக்கும். மூன்று சாய்சதுரங்களும் ‘இல்லை’ என்றே முடிந்தன.

அடுத்து அவர்கள் நேரம், இடம், திசை மூன்றையும் ஒரே படத்தில் குறித்தார்கள். ஒரு பக்கம் நேரம், மறு பக்கம் நிலையங்கள். அப்போதுதான் ஒழுங்கு ஒன்று தெரிந்தது. சிதறிக் கிடந்த புள்ளிகள் சாய்ந்த கோடுகளாக வரிசை கட்டி நின்றன. ஒரு ரயில் நின்ற சில நிமிடங்களில் அதற்குப் பின்னால் வந்த ரயில் நின்றது. பிறகு அதற்கும் பின்னால் வந்தது. எதிர்த் திசையில் ஏதோ ஒன்று நகர்ந்து போய்க்கொண்டிருப்பது போல!

கேள்வி மாறியது. ‘எந்த ரயில் நிற்கிறது?’ என்பது போய், ‘எதிர்த் தண்டவாளத்தில் போகும் ஏதோ ஒரு ரயில் மற்றவற்றை நிறுத்துகிறதா?’ என்றானது. நின்ற ரயில்களின் பட்டியலை எத்தனை முறை புரட்டினாலும் இதற்கு விடை கிடைக்காது. மற்றவற்றை நிறுத்திவிட்டுப் போகும் ரயில் தானும் நின்றிருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லையே. தேக்கா உதாரணத்தில் விடுபட்டுப்போன மூன்றாவது வழியைப் போன்றதுதான் இதுவும்.

ஊகத்தைச் சோதித்த படிகள்

படத்தில் தெரிந்தது கண்ணின் மயக்கமாகவும் இருக்கலாம். அதனால் குழு தன் ஊகத்தைப் படிமுறையாக எழுதிச் சோதித்தது. வட்டப் பாதையில் அடுத்தடுத்த நிலையங்களுக்கு இடையே ஒரு ரயில் ஓட 2 முதல் 4 நிமிடம் ஆகும். அந்த அடிப்படையில் அமைந்த படிகளைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம்:

1. பட்டியலிலிருந்து இரண்டு சம்பவங்களை எடு.
2. இரண்டுக்கும் இடைவெளி 4 நிமிடத்துக்குள்ளா?
3. ஆம் என்றால் இரண்டையும் ஒரு ஜோடியாகக் குறி. இல்லை என்றால் விட்டுவிடு.
4. ஒப்பிடாத சம்பவங்கள் இன்னும் இருக்கின்றனவா? இருந்தால் முதல் படிக்குத் திரும்பு.
5. ஒரே சம்பவம் இரண்டு ஜோடிகளில் வந்தால் அந்த ஜோடிகளை ஒரு குழுவாகச் சேர்.
6. குழுக்களைக் காட்டி, முடி.

நிரையில் மரம் இருக்கிறதா என்ற அதே சுழற்சிதான் நான்காவது படி. ஐந்தாவது படி உறவு சொல்வது போன்றது. அவர் இவருக்குச் சொந்தம், இவர் இன்னொருவருக்குச் சொந்தம் என்றால் மூவரும் ஒரே குடும்பம்.

பட்டியலில் இருந்த 259 சம்பவங்களில் 189ஐ, அதாவது 73 விழுக்காட்டை, ஒரு ‘முரட்டு ரயில்’ கடந்து சென்றதால் நேர்ந்தவை என்று விளக்க முடிந்தது. ஊகத்துக்கு வலு கிடைத்துவிட்டது. ஆனால் எந்த ரயில் என்பது மட்டும் தெரியவில்லை.

அன்று மாலை அவர்கள் கிம் சுவான் பணிமனைக்குப் போனார்கள். ரயில்களின் விரிவான பதிவுகளை எடுக்க நேரம் பிடிக்கும் என்பதால், சம்பவ நேரங்களில் நிலையங்களுக்கு வந்து போன ரயில்களின் காணொளிப் பதிவுகளைக் கண்ணால் பார்த்துத் தேடினார்கள். அதிகாலை 3 மணிக்கு ஓர் எண் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது: பிவி46.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கூட்டம் குறைந்த நேரத்தில் நிலப் போக்குவரத்து ஆணையமும் எஸ்எம்ஆர்டி நிறுவனமும் அந்த ரயிலை ஓட்டிப் பார்த்தன. அருகே சென்ற ரயில்கள் சமிக்ஞை இழந்து நின்றன. பிவி46இன் சமிக்ஞைக் கருவியில் இருந்த கோளாறே காரணம் என்பது உறுதியானது. அந்த ரயில் எப்போது எங்கே ஓடியது என்ற பழைய பதிவுகளோடு ஒப்பிட்டபோது, ஆகஸ்ட் முதல் நவம்பர் வரையிலான சம்பவங்களில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றை அதைக் கொண்டே விளக்க முடிந்தது.

மூவரும் கணினியில் நிரல் எழுதத் தெரிந்தவர்கள்தான். எனினும் புதிரை அவிழ்த்த வரிசையைக் கவனித்தால் நிரல் மூன்றாவதாகவே வருகிறது. முதலில் கேள்வி, அடுத்து படம், அதன் பிறகு படிகள், கடைசியில் நேரில் சோதனை.

கேள்விகளின் வரிசைக்கும் விலை உண்டு

படிமுறைகள் நம் வாழ்க்கையில் முடிவுகளும் எடுக்கின்றன. பிள்ளையைத் தொடக்கநிலை ஒன்றில் சேர்க்கும் பெற்றோர் இதை நன்கு அறிவார்கள். 2சி கட்டத்தில் ஒரு பள்ளிக்கு இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் சாய்சதுரங்கள் வரிசையாக வரும். முதல் கேள்வி: பிள்ளை சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவரா? அடுத்த கேள்வி: வீடு பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருக்கிறதா, 1 முதல் 2 கிலோமீட்டருக்குள்ளா, அதற்கும் அப்பாலா? எந்தப் பிரிவில் இடம் பற்றாமல் போகிறதோ அந்தப் பிரிவில் குலுக்கல்.

கேள்விகள் அப்படியே இருந்து வரிசை மட்டும் மாறினால் என்ன ஆகும்? தூரத்தை முதலில் கேட்டால், பள்ளிக்குப் பக்கத்துக் கட்டடத்தில் வசிக்கும் நிரந்தரவாசியின் பிள்ளை, 3 கிலோமீட்டர் தள்ளி வசிக்கும் குடிமகனின் பிள்ளைக்கு முன்னால் வந்துவிடும். இப்போதைய வரிசையில் அது பின்னால்தான் வரும். எந்த வரிசை நியாயம் என்பது கொள்கை சார்ந்த விவாதம். அந்த விவாதத்தில் கலந்துகொள்ள விரும்புகிறவருக்கு, எந்தக் கேள்வி எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்கவாவது தெரிந்திருக்க வேண்டும். ‘கணினி முடிவு செய்துவிட்டது’ என்று யாராவது சொன்னால், கேள்விகளை வரிசைப்படுத்தியது யார் என்று திருப்பிக் கேட்க அந்தப் பயிற்சி உதவும்.

வீட்டில் தொடங்க

தொடங்குவதற்கு ஒரு தாளும் பென்சிலும் போதும். பிள்ளைக்கு நன்கு தெரிந்த ஒரு வேலையை எடுத்துக்கொள்ளலாம்: பள்ளிப் பையை அடுக்குவது, தேநீர் போடுவது, காப்பிக் கடையில் 5 வெள்ளிக்குள் வாங்குவது. பிள்ளை அதைப் படி படியாக எழுதட்டும். பெற்றோர் எதுவும் தெரியாதவர் போல, எழுதியதை மட்டும் அப்படியே செய்து காட்ட வேண்டும். ‘தேயிலை போடு’ என்று மட்டும் எழுதியிருந்தால் பொட்டலத்தையே தூக்கிப் போடலாம். எந்த இடத்தில் பிள்ளை சிரித்துக்கொண்டே “அப்படி இல்லை” என்கிறதோ, அந்த இடத்தில் ஒரு படியோ ஒரு கேள்வியோ விடுபட்டிருக்கிறது.

எழுதி முடித்ததும் மூன்றைச் சரிபார்க்கலாம். ஒவ்வொரு சாய்சதுரத்துக்கும் ‘ஆம்’, ‘இல்லை’ என இரண்டு வழிகளும் இருக்கின்றனவா? ஒவ்வொரு சுழற்சியிலிருந்தும் வெளியேற வழி இருக்கிறதா? வழக்கத்துக்கு மாறான ஒன்று வந்தால், உதாரணமாகக் கடையில் சில்லறை இல்லை என்றால், எங்கே போவது?

அடுத்த முறை குடும்பத்தோடு தேக்காவுக்கு வரும்போது, மேலே உள்ள பாய லேபார் படிமுறையைப் பிள்ளையின் கையில் கொடுத்துப் பார்க்கலாம். டௌன்டவுன் பாதையையும் பூகிஸ் நிலையத்தையும் அதில் சேர்க்க வேண்டும். புதிய சாய்சதுரம் எந்த இடத்தில் வர வேண்டும்? வீட்டில் வரைந்து, ரயிலில் ஏறி, நிறுத்தங்களை எண்ணிப் பார்த்தால் விடை சரியா என்று தெரிந்துவிடும்.